சிரித்துவிட்டு வந்தால் அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர், மூலனூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான்தான். அப்பா லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறார். அம்மா கண்வலிக்கிழங்கு காட்டில் கூலி வேலை செய்கிறார். செங்காந்தளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். விதைக்காக வளர்ப்பார்கள். பூக்கும் காலத்தில் விடிந்ததும் காட்டுக்குப் போய், ஒவ்வொரு பூவாகத் தொட்டுக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து இடுப்பு போய்விடும்.

முதல் வருஷம் நான் யாரோடும் சேரவில்லை. பாடமெல்லாம் ஆங்கிலம். எல்லோரும் என்னைவிடத் தெரிந்தவர்கள் போலவே இருந்தது. இரண்டாம் வருஷம் ஹாஸ்டல் ரூமில் வந்து சேர்ந்தவள் என்னையும் ஒரு செட்டில் சேர்த்துவிட்டாள். அப்புறம் நாள் போனதே தெரியவில்லை. சாப்பிடும்போது எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. சாம்பாரில் கிடப்பது எந்தத் தாவரக் குடும்பம் என்று முதலில் சொல்பவளுக்கு மற்றவளின் அப்பளம். முருங்கைக்காய் மொரிங்கேசி, வெண்டைக்காய் மால்வேசி, கத்திரிக்காயும் தக்காளியும் மிளகாயும் சோலனேசி. துவரம்பருப்பும் புளியும் ஒரே ஃபேபேசி என்று தெரிந்த அன்று ஒரே சண்டை. பெருங்காயத்தில் நாங்கள் எல்லோருமே தோற்றுப்போனோம். அது கொத்தமல்லி, சீரகத்தோடு ஏபியேசியில் வரும் என்று மேடம் சொல்லித்தான் தெரிந்தது. காலேஜுக்குப் போகும் டவுன் பஸ்ஸிலும் இதே கதைதான். ஒருத்தி மலர் சூத்திரம், அதாவது பூவின் பாகங்களைக் குறியீடாக எழுதும் முறை, சொல்வாள், மற்றவர்கள் குடும்பம் சொல்ல வேண்டும். கண்டக்டர் அண்ணன்கூட எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ஐப்பசியில் டிபார்ட்மென்ட்டில் கொல்லிமலைக்குக் கூட்டிப்போனார்கள். 70 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேர் வாந்தி, மீதிப் பேர் பாட்டு. வழியில் ஒரு வேலியில் செங்காந்தள் பூத்திருந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். "இதைப் பற்றி யாருக்காவது தெரியுமா?" என்று மேடம் கேட்டார். என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை, நான் முன்னால் போனேன். இதழெல்லாம் பின்னால் மடிந்திருக்கும், சூல்தண்டு மட்டும் ஒரு பக்கமாக வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தப் பை அதைவிட்டுத் தள்ளி இருக்கும், அதனால்தான் விதை நன்றாகப் பிடிக்க எங்கள் அம்மா கையால் தொட்டு விடுகிறார் என்று செய்து காட்டினேன். தமிழில்தான் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு மேடம் அந்தக் கொடி முழுவதும் விஷம், கிழங்கிலும் விதையிலும் அதிகம், அதிலிருந்து எடுக்கும் கோல்சிசின் மருந்தாகவும் பயன்படுகிறது என்று விளக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிப் போனேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு தின்னக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. அன்று திரும்பி வரும்போது வேனில் ஆடிக்கொண்டிருந்தோம். வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததே இல்லை. அப்போது அம்மா போன் செய்தார். "இப்பத்தான் கண்ணு காட்டுல இருந்து வந்தேன். காலெல்லாம் கடுக்குது. நீ என்ன பண்றே, படிக்கிறியா?" என்றார். பின்னால் பாட்டுச் சத்தம். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆமாம்மா, படிச்சிட்டிருக்கேன்" என்றேன்.

அதிலிருந்து எதுவும் பிடிக்கவில்லை. கேன்டீனுக்குக் கூப்பிட்டால் போவதில்லை. சாப்பாட்டை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிடுகிறேன். பஸ்ஸில் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறேன். மாலையில் லைப்ரரி மூடும் வரை படிக்கிறேன். இவ்வளவு படித்தும் இரண்டாவது இன்டர்னலில் முதல் இன்டர்னலைவிட மார்க் குறைந்துவிட்டது. செட்டில் இப்போது என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயில் பெரும்பகுதியை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆனாலும் ஒரு டீ குடித்தால்கூட அம்மாவின் கூலியைத் திருடியது போல இருக்கிறது. சில நாள் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

நான் சந்தோஷமாக இருப்பது தப்பா? அந்த நேரமெல்லாம் வீணாகப் போனதுதானே? என்.எஸ்.எஸ். முகாமுக்குப் பெயர் கேட்கிறார்கள், ஏழு நாள். அதற்கும் போகலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்கள் மகளாக நினைத்துச் சொல்லுங்கள்.

– மூலனூர் பக்கத்து மாணவி

*

அன்புள்ள மகளுக்கு,

மகளாக நினைக்கச் சொன்னதால் 'நீ' என்றே எழுதுகிறேன். உன் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தப்பு இல்லை. துளியும் இல்லை.

இந்த வேதனை உனக்கு மட்டும் வந்ததும் இல்லை. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை உளவியலாளர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு எனக்கு மட்டும் கிடைத்துவிட்டதே என்ற குற்ற உணர்ச்சி அது. அமெரிக்காவில் ரெபெக்கா கோவருபியாஸ், ஸ்டெஃபனி ஃப்ரைபெர்க் என்ற இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் கல்லூரி படித்த மாணவர்களைவிட முதல் தலைமுறை மாணவர்களிடம் இந்த உணர்ச்சி கூடுதலாக இருந்தது. நாடு வேறு, மொழி வேறு. ஆனாலும் வேனில் நீ போனைப் பொத்திக்கொண்ட அந்த நிமிடத்தை அவர்களில் பலர் உடனே புரிந்துகொள்வார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தன் குடும்பத்துக்கு ஏதோ ஒரு சிக்கலில் உதவிய சமயத்தை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி குறைந்தது.

அதனால் உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன இடத்துக்குத் திரும்பி வருகிறேன். அந்தக் கையுறை.

உன் அம்மா அந்தக் கொடியைத் தொட்டுத் தொட்டு வேலை செய்கிறவர். அது விஷம் என்று அங்கே பொதுவாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் எந்தப் பாகத்தில் எவ்வளவு, அந்தக் கையோடு சோறு தின்றால் என்ன ஆகும் என்றெல்லாம் உட்கார்ந்து சொல்ல அவருக்கு யார் இருந்தார்கள்? நீ போய்ச் சொன்னாய். அது உனக்கு எங்கே கிடைத்தது? லைப்ரரியில் இல்லை. பாதிப் பேர் வாந்தியும் மீதிப் பேர் பாட்டுமாகப் போன அந்த வேனில் போய்த்தான் கிடைத்தது. வீணாகப் போனது என்று நீ கணக்கு எழுதிவைத்திருக்கும் அதே நாளால்தான் உன் அம்மாவின் கைக்குக் கையுறை வந்தது. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது அம்மாவின் கால் வலியை நினைக்கிறாய் அல்லவா, அப்போது அந்தக் கையுறையையும் சேர்த்து நினை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடந்ததைப் பாதியாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், முழுதாக நினை என்கிறேன்.

அன்று நடந்த இன்னொன்றும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதல் வருஷம் முழுக்க, எல்லோரும் என்னைவிடத் தெரிந்தவர்கள் என்று வாய் மூடி இருந்தவள், வேலி ஓரத்தில் நின்று வகுப்புக்கே பாடம் எடுத்திருக்கிறாய். அதுவும் அம்மாவின் வேலையை வைத்து. பலர் கல்லூரிக்கு வந்ததும் வீட்டு வேலையை வெளியே சொல்லவே கூசுவார்கள். நீ அதைத் தலைநிமிர்ந்து சொன்னாய், கை தட்டினார்கள். புத்தகம் மட்டும் படித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உன் வீட்டில் இருக்கிறது என்று உன் வகுப்புக்கு அன்று தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் போன் வந்துவிட்டது.

சரி, மார்க் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு நேரம் படித்தும் ஏன் குறைந்தது என்று குழம்பிப்போயிருக்கிறாய். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் கொடுத்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

சாம்பார்த் தட்டுக்கு முன்னால் நீங்கள் செய்துகொண்டிருந்தது இந்த இரண்டாவது வேலை. புத்தகம் கையில் இல்லை, கேள்வி திடீரென்று வருகிறது, மூளைக்குள் துழாவி எடுத்துச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் அப்பளம் போய்விடும். பஸ்ஸில் மலர் சூத்திரம் கேட்டதும் அதேதான். பெருங்காயம் ஏபியேசி என்பதை நீ இனி மறப்பாயா? எல்லோரும் சேர்ந்து தோற்ற கேள்வி அது, மறக்கவே மாட்டாய். இப்போது லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து அதே பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாய் என்று நினைக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். பரீட்சை ஹாலில் வராது. அதோடு, மனசுக்குள் அம்மாவைப் பற்றிய வேதனை ஓடிக்கொண்டிருக்கும்போது கண் மட்டும் வரியில் ஓடும், ஒன்றும் உள்ளே இறங்காது. லைப்ரரிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போ. ஒரு பாடம் படித்ததும் நோட்டை மூடிவிட்டு ஒரு வெற்றுத் தாளில் எழுதிப் பார். அப்புறம் அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போ.

ஆனால் ஒரு இடத்தில் உன்னை நிறுத்த வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு, 'ஓ, விளையாட்டிலும் படிப்பு இருக்கிறது, அதனால் பரவாயில்லை' என்று நீ சமாதானம் ஆகிவிடக் கூடாது. வேனில் ஆடியதில் எந்தப் பாடமும் இல்லை. சும்மா ஆடினாய், சிரித்தாய். அதற்கும் உனக்கு உரிமை உண்டு. பத்தொன்பது, இருபது வயதில் கூட்டாளிகளோடு காரணமே இல்லாமல் சிரிப்பது அந்த வயதுக்கு உரியது. ஒவ்வொரு சிரிப்புக்கும் இதனால் என்ன பயன் என்று ரசீது கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் சிரிப்பே வராது. இப்போது உனக்கு நடப்பது அதுதான்.

இனி எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். அம்மா அலுத்துப்போய் வந்த நேரத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்ததால் உனக்கு வலிக்கிறது என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ போனைப் பொத்தினாய், அது வலிக்கிறது. அம்மாவுக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை உனக்கு அங்கே உருவாகிவிட்டது. அதற்குள் அவரை விடாமல் கதவைச் சாத்திவிட்டாய். ஒளித்து வைக்க வைக்க, நல்ல விஷயம்கூடத் தப்புச் செய்தது போல ஆகிவிடும். டீ குடிப்பதுகூடத் திருட்டாகத் தெரிவது அதனால்தான்.

கதவைத் திற. "இன்னைக்கு என்ன கண்ணு பண்ணுனே?" என்று அம்மா கேட்டால் "படிச்சேன்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதே. கொல்லிமலையில் இருந்து தொடங்கு. "அம்மா, நீ பூவுல மகரந்தம் சேர்க்கிறதை நான் காலேஜ்ல செஞ்சு காட்டினேன், எல்லாரும் கை தட்டினாங்க" என்று சொல். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. கையுறை கொடுத்த அன்றுகூட எச்சரிக்கை மட்டும் சொல்லியிருக்கிறாய், கைதட்டலைச் சொல்லவில்லை. அது அவருக்குச் சேர வேண்டியது, மகளே. அப்புறம் வேனில் ஆடியதையும் சொல். அன்று போனில் மறைத்ததையும் சொல்லிவிடு, பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம். "அன்னைக்கு நீ கால் கடுக்குதுன்னு சொன்னியா, ஆடிட்டிருக்கேன்னு சொல்ல மனசு வரலை" என்றால் போதும்.

அவர் வருத்தப்படுவாரோ என்று பயப்படுகிறாய். உன் அம்மாவை எனக்குத் தெரியாது, அவர் என்ன சொல்வார் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. கொஞ்சம் கடிந்துகொள்ளலாம். "ஊர் சுத்தாம ஒழுங்கா படி" என்று ஒரு வார்த்தை வரலாம். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கூலி வேலை செய்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய எத்தனையோ அம்மாக்களிடம் நான் பேசியிருக்கிறேன். என் மகள் அங்கே எப்போதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கட்டும் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

படிப்பிலும் அம்மாவைச் சேர்த்துக்கொள்ள உனக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. செமினார் எடுக்கச் சொன்னால் செங்காந்தளையே எடு. எந்த நேரத்தில் தொட்டால் விதை நன்றாகப் பிடிக்கிறது, மழை பெய்த அன்று என்ன செய்வார்கள், ஒரு ஆள் ஒரு காலையில் எவ்வளவு தூரம் முடிப்பார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள். புத்தகத்தில் இருப்பதை மேடம் சொல்வார், காட்டில் இருப்பதை அம்மா சொல்வார். ஆங்கிலத்தில் தடுமாறினாலும் பேசு. விஷயம் உன்னுடையதாக இருக்கும்போது மொழி பின்னாலேயே வந்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒன்று. வீட்டுக்குக் கொடுப்பது நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த 1000 ரூபாய் உன் படிப்புக்காக வருகிறது. நோட்டு, ஜெராக்ஸ், பஸ், ஒரு டீ எல்லாம் அதற்குள் அடக்கம். எவ்வளவு வைத்துக்கொள்வது என்று அம்மாவோடு பேசி முடிவு செய்துவிட்டால், அப்புறம் டீக்கு மனசு உறுத்தாது. பிறந்தநாள் ட்ரீட், ஒரே மாதிரி டிரெஸ் என்று கைக்கு மீறிய செலவு வந்தால், "என்னால முடியாதுப்பா, ஆனா நான் வருவேன்" என்று சொல்லிப் பழகு. கடன் வாங்கிச் சேராதே. செலவுக்கு வேண்டாம் என்று சொல்லலாம், மனுஷர்களுக்கு வேண்டாம் என்று சொல்லாதே.

உன் செட் உன்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டதில் எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. காரணம் சொல்லாமல் விலகினாய், அவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருப்பார்கள். ரூம்மேட்டிடம் மட்டும் முதலில் உண்மையைச் சொல். மற்றவர்களுக்கு விளக்கம் தேவையே படாது, நாளைக்குச் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து 'கடுகு எந்தக் குடும்பம்?' என்று கேட்டால் போதும்.

தூக்கம் சில நாள் வரவில்லை என்கிறாய். அம்மாவிடம் பேசிய பிறகு அது சரியாகலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லாமல் போனால், சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசு. மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை, இதற்கும் வெட்கம் வேண்டாம்.

கடைசியாக முகாம். போ. என்.எஸ்.எஸ். 1969இல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஊருக்குள் இறங்கி வேலை செய்து பழக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் முகாமும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் நான் உன்னைப் போகச் சொல்வது சான்றிதழுக்காக இல்லை. முகாமில் நகரத்துப் பிள்ளைகள் கிராமத்து வீட்டுத் திண்ணையில் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். உனக்கு அது பழக்கம். அங்கே உன்னைத் தேடி வருவார்கள். ராத்திரி கலை நிகழ்ச்சி வைப்பார்கள், அதிலும் சேர்ந்துகொள். வீட்டில் சம்மதக் கையெழுத்துக் கேட்பார்கள். போனில் கேட்டு முடிக்காமல், இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு நாளும் என்னென்ன செய்யப்போகிறாய் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டு. பகலில் குளம் தூர்வாருவதைச் சொல்லும்போது ராத்திரி ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடு.

அன்புடன்,
ஆலோசகர்